ஏர்போர்ட் ஸ்டாப்பிங்கில் இறங்குகிறவர்கள்

அறந்தாங்கியில் திருச்சி பஸ் ஏறி, "ஏர்போர்ட் இரண்டு" என்று கேட்டு டிக்கெட் வாங்குகிறவர்கள் நாங்கள். நார்த்தாமலை, கீரனூர், மாத்தூர், குண்டூர் என்று வரிசையாக வரும் நிறுத்தங்களில் விமான நிலையமும் ஒன்று. அந்த இடம் வந்ததும் நடத்துநர் குரல் கொடுப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைகளும் இருக்கிற அதே பஸ்ஸிலிருந்து, புது ஷூ போட்ட ஓர் இளைஞன் இறங்குவான். அவனுடைய பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டு வருவார். அன்று இரவு அவன் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இருப்பான்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். 1994இல் பெரியப்பா சிங்கப்பூர் போனபோது, திருச்சியில் ரயில் ஏறி, சென்னையில் ஒரு நாள் தங்கி, மீனம்பாக்கத்தில் விமானம் பிடித்தார். அவரை வழியனுப்ப யாராலும் போக முடியவில்லை. தம்பி 2011இல் போனபோது நாங்கள் பதினோரு பேர் வேனில் திருச்சிக்குப் போய்விட்டு, விடிவதற்குள் வீடு திரும்பினோம். திருச்சி விமான நிலையம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் செய்துகொடுத்தது இதைத்தான். புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், பெரம்பலூர், சிவகங்கை என்று சுற்றியுள்ள மாவட்டங்களில் சித்தாளாகவும் வெல்டராகவும் ஓட்டுநராகவும் வெளிநாடு போகிறவர்களுக்கு அது வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது.

அதனாலேயே ஒரு குறையும் உண்டு. பக்கத்தில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில், விமானத்துக்குத் தயாராகிறோம், சாலைக்குத் தயாராவதில்லை. தம்பி, மாமா, மாமா மகன், தெருவில் உள்ளவர்கள் என்று பலரைக் கொண்டுபோய் விட்டும் கூட்டிவந்தும் இருக்கிறேன். எங்களுக்கு நேர்ந்த சங்கடங்களில் பெரும்பாலானவை ஓடுதளத்துக்கு இந்தப் பக்கம் நடந்தவை.

முதலில் தேதி. 2013இல் தம்பி விடுப்பு முடிந்து திரும்ப வேண்டும். டிக்கெட்டில் 14ஆம் தேதி, 00.40 மணி என்று இருந்தது. டிக்கெட்டைப் படித்தவன் நான். 14ஆம் தேதி இரவுதானே என்று எல்லோருக்கும் சொன்னேன். அன்று மதியம் வீட்டில் சமையல் நடந்தது, அத்தை வந்தார், மாலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். இரவு பத்து மணிக்கு வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைக் கையில் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இது நேற்று ராத்திரியே போய்விட்டது" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. இதே சொல்லை அவர் முன்பும் பலரிடம் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. 14ஆம் தேதி 00.40 என்றால் 13ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வேனுக்குள் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும், "போகட்டும், இன்னும் இரண்டு நாள் இருப்பான்" என்றார். புது டிக்கெட்டுக்காக அவர் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அதை மீட்க எட்டு மாதம் ஆயிற்று.

இப்போது யாருடைய டிக்கெட் வந்தாலும் நான் செய்வது ஒன்றுதான். நேரம் 00 என்றோ 01 என்றோ 02 என்றோ தொடங்கினால், முந்தைய நாளின் கிழமையைப் பெரிதாக எழுதி, "வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்" என்று காலண்டரில் ஒட்டிவிடுகிறேன். விமானம் புறப்படும் நேரத்தை வீட்டில் யாரிடமும் சொல்வதே இல்லை. வீட்டில் கிளம்பும் நேரம் மட்டும்தான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு மணி நேரம். வழியில் ரயில்வே கேட், டயர் பஞ்சர், கோயில் திருவிழாவுக்காகத் திருப்பிவிடப்படும் பாதை இவற்றுக்கு ஒரு மணி நேரம். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது மூட்டை. அம்மாக்கள் கட்டும் மூட்டையை எடை போடாமல் எடுத்துப் போகாதீர்கள். எங்கள் தெருவில் நெல் வாங்குகிற வியாபாரியிடம் தராசு இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாளே பெட்டியை அதில் வைத்துவிடுவோம். 30 கிலோ அனுமதி என்றால் 29இல் நிறுத்துவோம். ஒருமுறை அப்படிச் செய்யாமல் போனபோது, கவுன்ட்டரில் தம்பி பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தான். சாம்பார் பொடி, கருவாடு, முறுக்கு டின், சித்தி கொடுத்த எள்ளுருண்டை. எதை வெளியே எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தானாம். பக்கத்தில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் அதே போலப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் சட்டைகளை எடுத்துப்போட்டுவிட்டுப் பொடியைக் கொண்டுபோனான்.

கொப்பரைத் தேங்காயை வைக்காதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில் இருக்க வேண்டும், உள்ளே போகும் பெட்டியில் இருக்கக் கூடாது. எண்ணெய் ஊறிய ஊறுகாய் பெட்டிக்குள் போகலாம், கைப்பையில் வேண்டாம். சிங்கப்பூர் போகிறவர்கள் போய்ச் சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முன்னான மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. இரண்டும் இலவசம். அவற்றை நிரப்பித் தருவதற்குப் பணம் கேட்கும் பொய்த் தளங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அப்படிப் பணம் கட்டி ஏமாந்தான்.

அடுத்தவர் பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். திருச்சியில் 'குருவி' என்ற சொல்லைத் தெரியாதவர்கள் குறைவு. பிறருக்காகச் சரக்கு எடுத்துவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் தெரிந்து செய்கிறார்கள். விடுப்பில் வரும் நம் பிள்ளையிடம், "ஊருக்குத்தானே போகிறாய், இந்தப் பேஸ்ட் டப்பாவை வெளியே நிற்கிற என் மச்சானிடம் கொடுத்துவிடு" என்று ஒருவர் நீட்டும்போது அவன் தெரியாமல் வாங்கிவிடுகிறான். உள்ளே இருப்பது தங்கமாக இருந்தால் சுங்கத்துறையின் முன் நிற்கப்போவது அவன்தான், மச்சான் அல்ல. யார் கொடுத்தாலும், கூட வேலை செய்கிறவர் அழுதே கேட்டாலும், உங்கள் கையால் கடையில் வாங்காத எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரை நகையாகத் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மேல் இருந்தால் சுங்கத்துறையின் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். தங்கைக்குக் கொலுசோடு சங்கிலியும் சேர்த்து வாங்கி வந்த தம்பி அப்படித்தான் செய்தான். அரை மணி நேரம் ஆனது. நிம்மதியாக வெளியே வந்தான்.

மாமா மகன் கதை வேறு. அவனைக் குவைத்துக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட், வேலை விசா தாமதமாகிறது, இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் துபாய் போய்விடு, அங்கிருந்து மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். குடியேற்றப் பிரிவில் அதிகாரி நான்கு கேள்விகள் கேட்டார். எந்த ஓட்டல், எத்தனை நாள், கையில் எவ்வளவு பணம், திரும்பி வர டிக்கெட் எங்கே. அவனால் ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதான். அன்று எனக்கும் அந்த அதிகாரி மேல் கோபம்தான். யோசித்துப் பார்த்தபோது, அவர் அவனைக் காப்பாற்றியிருக்கிறார் என்று புரிந்தது. சுற்றுலா விசாவில் போய் மாட்டிக்கொண்டவர்களின் வீடுகள் எங்கள் ஒன்றியத்திலேயே இருக்கின்றன.

பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருந்தால், வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போக மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக அனுமதி பெற்றே ஆக வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்தச் சோதனை வேண்டாத பாஸ்போர்ட்டையே வாங்கலாம். சான்றிதழை வைத்துக்கொண்டும் அதைக் காட்டாமல் விண்ணப்பித்தவர்கள் பலர். அதே தளத்தில் ஏஜென்ட்டின் உரிமம் உண்மையானதா என்றும் பார்க்கலாம். இப்படி வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று ஒரு காப்பீடு இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மாமா மகன் அடுத்த ஆண்டு முறையான விசாவில் போனான். அந்தக் காப்பீட்டுத் தாளின் நகல் மாமா வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

ஒருமுறை பெட்டி வாங்கப் போனோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எந்தப் பெட்டி என்று யாரும் கேட்பதில்லை. கட்டுமான வேலையில் இறந்துபோன ஒருவரைக் கொண்டுவர அவர் அண்ணனோடு நானும் போயிருந்தேன். பயணிகள் வரும் வாசலில் போய் நின்றோம். அங்கே இல்லை, சரக்குப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஒரு துப்புரவுப் பணியாளர்தான் சொன்னார். இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று ஆகியவற்றின் நகல்கள் கையில் இருக்க வேண்டும், உடலைப் பெறுகிறவரின் அடையாள அட்டையும் வேண்டும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடம் முன்கூட்டியே சொன்னால், விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் இலவசமாக வண்டி ஏற்பாடு செய்கிறார்கள். இது தெரியாமல், அந்த நேரத்தில் கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு வருகிற குடும்பங்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 11 முதல் எல்லா விமானங்களும் புதிய முனையத்திலிருந்து இயங்குகின்றன. பிரதமர் அதை ஜனவரி 2ஆம் தேதியே திறந்துவைத்துவிட்டார். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவு, நெரிசல் நேரத்தில் 3,500 பேர் நிற்கலாம். பழைய கட்டடத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றாக வந்துவிட்டால் தோளோடு தோள் இடிக்க நின்ற எங்களுக்கு, முதல் தடவை உள்ளே பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்களும் கோலங்களும் சுவரில் இருந்தன. அம்மா கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது" என்றார்.

ஆனால் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு மாற்றம் ஏற்பட்டது. பழைய முனையம் புதுக்கோட்டைச் சாலையை ஒட்டியே இருந்தது, இறங்கினால் வாசல். புதியது சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு, வெயிலிலோ மழையிலோ நல்ல தூரம் நடக்க வேண்டும். முதல் தடவை அப்பாவோடு நடந்தபோது அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இத்தனை கோடியில் கட்டிய இடத்துக்கு, பஸ்ஸில் வருகிறவன் எப்படி உள்ளே வருவான் என்பதையும் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கார் வைத்திருக்கிறவர்கள் அல்லர். வயதானவர்கள் கூட வந்தால் சாலையில் இறங்கிய இடத்திலேயே ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். நகரப் பேருந்து உள்ளே போகிற நேரம் இருந்தால் அதை முன்பே விசாரித்து வையுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜூலை முதல் வெளியூர்ப் பஸ்கள் பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைப்பில், மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பக்கம்தானே என்று கணக்குப் போடாதீர்கள். பஞ்சப்பூர் மதுரைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து மறுபடி வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. நகரத்துக்குள் போகாமலே விமான நிலையம் வந்துவிடும். நடத்துநரிடம் மட்டும் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். இடைநில்லாப் பேருந்துகளில் ஏறிவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

இதே சாலையில்தான் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேராக விமானம் போகிறது. ஒரு மதியம் வாசலில், வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் துணிப்பை ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்கே போகிறீர்கள் ஐயா?" என்று கேட்டேன். "வீட்டுக்கு" என்றார். பிறகு, "ஒரு மணித்தியாலம் கூட இல்லையாம்" என்றார். அதை இரண்டு முறை சொன்னார்.

கூட்டிவருவதைப் பற்றி இரண்டே விஷயங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அவருடைய இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்து, அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தம்பியுடைய எண் மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் செயலிழந்திருந்ததால், அவன் ஒரு தூணுக்கு அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் முக்கால் மணி நேரம் நின்றோம். அதிலிருந்து, போன் வேலை செய்யாவிட்டால் இன்ன இடத்தில் நிற்பது என்று முன்பே பேசிவைத்துவிடுகிறோம். வாடகை வண்டி என்றால் போக வர எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம் யாருடையது என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். விமானம் தாமதமானால் என்ன என்பதையும் சேர்த்து.

நான் மிகவும் பயப்படுவது திரும்பும் வழிக்குத்தான். 2017இல் ஒரு விடியற்காலை, மணி மூன்று இருக்கும். மாமாவை அழைத்துக்கொண்டு வந்தோம். பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஓட்டுநர் பக்கத்தில் நான். கீரனூர் தாண்டியிருந்தோம். வண்டி மெதுவாக, மிக மெதுவாக வலப்பக்கம் நகர்வது தெரிந்தது. முந்தப்போகிறார் என்று நினைத்தேன். முன்னால் முந்துவதற்கு எந்த வண்டியும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்கள் பாதி திறந்திருந்தன. ஸ்டியரிங்கில் கை இருந்தது. ஆனால் ஆள் அங்கே இல்லை. எதிரே தூரத்தில் லாரி விளக்கு. "அண்ணே!" என்று கத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கியவர், தண்ணீர் பாட்டிலைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "பகல் முழுக்கக் கல்யாண சவாரி தம்பி" என்றார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். மாமா பின்சீட்டில் விழித்துக்கொள்ளவே இல்லை. நாலு வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவர், நார்த்தாமலை அருகே என்ன நடந்தது என்று இன்று வரை அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வண்டி பேசும்போது நான் முதலில் கேட்பது வாடகையை அல்ல, "இன்று பகலில் தூங்கினீர்களா?" என்பதைத்தான். தூங்கவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கிறேன். ஓட்டுநர் பக்கத்தில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது. அவர் வேலை பேசிக்கொண்டே வருவது. கீரனூரில் கட்டாயம் நிறுத்தி டீ. நள்ளிரவுக்குப் பிறகு விமானம் இறங்கினால், நெருங்கிய காரியம் ஏதும் இல்லாதபோது, விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து முதல் பஸ்ஸில் வருவதே நல்லது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். வீட்டில் சண்டை போடுவார்கள். எத்தனை மாதம் காத்திருந்தோம், இன்னும் மூன்று மணி நேரமா என்பார்கள். போட்டுவிட்டுப் போகட்டும்.

போன பொங்கலுக்குத் தம்பி வந்தபோதும் அப்படித்தான் செய்தோம். விமானம் இறங்கியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வண்டி பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றோம். அவன் மகள் எந்த வகுப்பு என்று அவனே தப்பாகச் சொன்னான், நான் திருத்தினேன். வெளுக்கத் தொடங்கியதும் பெட்டியை இழுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தோம். பனி இருந்தது. அறந்தாங்கி பஸ் வந்ததும் நடத்துநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, பின்படி வழியாக ஏற்றச் சொன்னார். "எந்த ஊர் தம்பி, சிங்கப்பூரா?" என்று கேட்டார். தம்பி எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மாத்தூர் வருவதற்குள் அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை.